கொடுக்க ஒரு படி, வாங்க ஒரு படி

நம் பேரவைக் கருத்தரங்குகளில் சுமேரியர் பேச்சு எழாத ஆண்டே இல்லை எனலாம். "சுமேரியர் தமிழரே" என்று ஒருவர் முழங்குவார்; அரங்கம் கைதட்டும். முதலாம் ஆண்டில் நானும் கை வலிக்கத் தட்டியவன்தான். பொறியியல் மாணவன் என்பதால், பின்னர் அவர்களின் சொற்களை விட்டு அளவைகளைப் படிக்கத் தொடங்கினேன். அதன்பின் கைதட்ட மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அவர்களின் எடை முறை அறுபதில் நின்றது. 60 ஷெக்கல் ஒரு மினா. 60 மினா ஒரு டேலண்ட். ஷெக்கல் ஏறத்தாழ 8.3 கிராம், மினா அரைக் கிலோ, டேலண்ட் 30 கிலோ. முழத்துக்கு 30 விரல். அது ஏறக்குறைய அரை மீட்டர். தானியம் அளக்கும் 'சிலா' சுமார் ஒரு லிட்டர். 2, 3, 4, 5, 6 எதனால் வகுத்தாலும் 60 மீதியின்றி வகுபடும்; பங்கு பிரிப்பதற்கு ஏற்ற எண். பாபிலோனிய வானியலாளர் கையாண்ட அந்த அறுபதுதான் கிரேக்கர் வழியாக வந்து இன்று நம் கைக்கடிகாரத்தில் ஓடுகிறது.

ஆனால் என்னை உலுக்கியது கணக்கு அன்று. கி.மு. 2100 வாக்கில் ஊர் நகரை ஆண்ட ஊர்நம்முவின் பெயரால் அறியப்படும் சட்டத் தொகுப்பே இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையானது. அதன் முன்னுரையில் வெண்கலச் சிலாவும் மினா எடையும் ஒழுங்கு செய்யப்பட்ட செய்தி வருகிறது. அநாதையைச் செல்வனிடம் கையளிக்கவில்லை, ஒரு ஷெக்கல் உடையவனை ஒரு மினா உடையவனிடம் விட்டுக்கொடுக்கவில்லை என்ற செய்தியும் அதே முன்னுரையில் வருகிறது. படியைத் திருத்துவதும் ஏழையைக் காப்பதும் அவர்களுக்கு ஒரே வேலை!

ஏன் அப்படி? அக்காலத்தில் அரசுப் பணியாளனுக்கு மாதக் கூலியாக வழக்கமாகக் கிடைத்தது 60 சிலா பார்லி. நாளொன்றுக்கு இரண்டு சிலா. படி பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் ஆறு சிலா போயிற்று. அவன் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது.

பின்னர் கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. சிறிய படியால் கடன் கொடுத்து, பெரிய படியால் திரும்ப வாங்கும் வணிகன் கொடுத்த கடனையே இழந்துவிட வேண்டும். கல்தூணில் இப்பகுதி அழிந்துபோனாலும் களிமண் பலகைகள் அதைக் காப்பாற்றித் தந்தன.

இந்த வணிகனைப் படித்தபோது நம் கருத்தரங்கு மேடைதான் நினைவுக்கு வந்தது. 'ஊர்' என்ற நகரப் பெயரைக் காட்டி மகிழ்கிறோம். சுமேரியர் அந்நகரை 'உரிம்' என்று அழைத்ததைச் சொல்லாமல் விடுகிறோம். அவர்களுக்கு ஒன்று 'திஷ்', இரண்டு 'மின்', மூன்று 'எஷ்'. இவற்றை யாராவது மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? சுமேரியம் எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி என்பதே பெரும்பாலான மொழியியலாளர் முடிவு. பிற மொழியார் இதே போன்ற ஒலி ஒற்றுமையைக் காட்டித் தமிழை உரிமை கொண்டாடினால், உடனே ஆயிரம் சான்று கேட்போம். கொடுக்க ஒரு படி, வாங்க ஒரு படி!

தமிழ்ப்பற்று குறைந்ததால் நான் இதை எழுதவில்லை. இரவல் பெருமையால்தான் நிமிர வேண்டிய மொழியா நம் மொழி? ஆய்வு தொடரட்டும், உறவு உண்டென்று நாளை மெய்ப்பிக்கப்பட்டால் முதலில் கைதட்டுபவன் நானாகவே இருப்பேன். அதுவரை சுமேரியரிடம் உறவு கேட்குமுன் அவர்களின் நேர்மையைக் கற்போம். நமக்கும் பிறர்க்கும் ஒரே படியால் அளப்போம்.