மலையிலிருந்து புறப்படுவோரும் நம் அண்டை வீட்டாரே

ஆலங்காயத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிவது ஜவ்வாது மலை. அம்மலையின் மக்கள் நமக்கு அயலார் அல்லர். ஆயினும் அவர்கள் வடக்கே சென்று மாண்டால், "தெரிந்தேதானே போனார்கள்" என்று நம்மில் பலர் எளிதாகக் கடந்துவிடுகின்றனர். இச்சொல்லை நாம் மறுக்கிறோம்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினரே மிகுதி. ஜவ்வாது மலைவாசிகளும் அவர்களுள் இருந்தனர். தங்களைத் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறியது. உடன் சென்றவர்கள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்று தப்பியோர் கூறினர்.

மரம் திருடுவது பாவம். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மரம் வெட்டியதற்கு விசாரணையின்றி உயிரைப் பறிப்பது எந்த நீதி? முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகர் ஊரில் இருக்கிறார். மரம் கடல் கடந்து விலையாகிறது. கோடரி பிடித்தவனே காட்டில் வீழ்கிறான்.

உலகெங்கும் இதே கதைதான். 2010 ஆகஸ்டில் மெக்சிகோவின் சான் பெர்னாண்டோவில், அமெரிக்கா நோக்கிச் சென்ற 72 பேர் கொன்று குவிக்கப்பட்டனர். 2022 ஜூனில் டெக்சாஸின் சான் அந்தோனியோவில், வெப்பத்தில் கைவிடப்பட்ட லாரியில் அடைபட்டிருந்த 53 பேர் மாண்டனர். ஆள் கடத்துவோர் பணத்தை எண்ணினர். ஏழைகள் உயிரைக் கொடுத்தனர்.

நம் பிள்ளைகள் விசிட் விசாவில் வளைகுடா சென்று, காலாவதியான பின்னும் தங்கினால், அவர்களைப் "பிழைக்கப் போனவர்கள்" என்கிறோம். 2018இலும் 2024இலும் ஐக்கிய அரபு அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது நிம்மதி அடைந்தோம். நம் பிள்ளைக்கு ஒரு பெயர், மலைவாசிக்கு வேறு பெயரா?

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் சேர்த்தது நம் மார்க்கம். அண்டை வீட்டார் உரிமையோ மதம் பார்ப்பதில்லை. ஆகவே ஜமாஅத்துகளிடமும் தோல், காலணித் தொழில் நடத்துவோரிடமும் மூன்றைக் கேட்கிறோம். மலைக்கிராம இளைஞர்களுக்கு முறையான கூலியுடன் வேலை கொடுங்கள். ஆள் பிடிக்கும் தரகரைச் சபையில் அமர்த்தி மரியாதை செய்யாதீர்கள். திரும்பி வராதவனின் குடும்பத்திற்கு ஸதகாவிலிருந்து ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

பட்டினியே ஒருவனைக் காட்டுக்கு அனுப்புகிறது. அந்தப் பட்டினி நம் ஊருக்கு மேலேயே இருக்கிறது. அதைப் பற்றி அல்லாஹ் நம்மிடமும் கேட்பான்.