ஊர்ப்பெயரைக் காக்கும் திராட்சைக் குடியானவர்கள்

பிரெஞ்சு தேசத்தின் கீழ்ப்பாகத்தில், ஸ்விட்ஸர்லாந்து எல்லையை அடுத்துள்ள ஜூரா பிரதேசத்தில், ஸவாஞான் என்னும் வெள்ளைத் திராட்சை பயிராகின்றது. பிற தேசத்தார் அதிகம் அறியாத இந்த ஜாதி காய்ப்பிற் குறைந்தது, தடித்த தோலுடையது, தாமதமாகப் பழுப்பது. உடனடி லாபத்தையே நோக்குவோர் இதனை எப்பொழுதோ பிடுங்கி எறிந்திருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி இக்கொடிகளைப் பெரிதும் அழித்தது. முன்னர் ஏறக்குறைய 20,000 ஹெக்டேராயிருந்த ஜூராவின் திராட்சை நிலம் இன்று சுமார் 2,000 ஹெக்டேரே. அங்ஙனமிருந்தும் ஸவாஞான் நிலைத்திருப்பது எதனால் என்பது ஆராயத்தக்கது. மதுபானத்தைப் புகழ்தல் இங்கு நோக்கமன்று. விளைவிப்போரின் கட்டுப்பாடே கவனிக்கற்பாலது.

இப்பழத்தினின்று ‘மஞ்சள் மது’ எனப்படும் விசேஷச் சரக்கு தயாராகின்றது. நொதித்து முடிந்த ரசத்தை ஓக் மரப்பீப்பாய்களில் ஊற்றி, ஆறு வருஷம் மூன்று மாதம் வைத்திருப்பர். மற்ற மதுக்களுக்குச் செய்வதுபோல், ஆவியாய்க் குறையும் அளவை இதில் மீண்டும் நிரப்புவதில்லை. அவ்விடைவெளியில் ரசத்தின்மீது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் மெல்லிய ஆடைபோற் படர்கின்றன. இவ்வாடை காற்றை மட்டுப்படுத்தி, அக்ரோட்டுக் கொட்டையை நினைவூட்டும் சுவையைத் தருகின்றது. ஆடை சரிவரப் படராத பீப்பாயில் ரசம் புளித்துக் காடியாவதும் உண்டு, அது விலக்கப்படும். இறுதியில் 62 சென்டிலிட்டர் கொள்ளும் தனிப் புட்டிகளில் அடைக்கின்றனர். ஒரு லிட்டர் ரசத்தில் இறுதியாக எஞ்சுவது இவ்வளவே என்பர்.

இச்சரக்கிற் சிறந்தது ஷாத்தோ-ஷாலோன் என்னும் ஊரைச் சார்ந்தது. அதன் பெயருக்கு 1936-ஆம் வருஷத்திலேயே சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. அதற்குரிய நிலம் சுமார் 50 ஹெக்டேர்தான். அறுவடைக்கு முன் ஒரு குழு கொடிகளையும் பழத்தின் முதிர்ச்சியையும் பார்வையிடுகின்றது. பழம் தகுதியற்றதெனின், அவ்வருஷம் ஒருவரும் ஊர்ப்பெயரை இட்டு விற்பதில்லை. 1974, 1980, 1984, 2001 ஆகிய வருஷங்களில் இங்ஙனமே நடந்தது.

இதனால் நன்கு பயிரிட்டவனும் நஷ்டமடைகின்றானே என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் ஊர்ப்பெயர் தனியொருவன் சொத்தன்று. அது பொதுக்குளம் போன்றது. ஒருவன் அசுத்தம் செய்தால் அனைவரும் குடிக்கும் நீர் கெடும். ஈரப் பருத்தியை மூட்டைக்குள் மறைத்து ஒருவன் விற்றால், அடுத்த சந்தையில் அவ்வூர்ப் பருத்தி முழுவதற்கும் விலை குறையாதோ? ஒரு வருஷத்து நஷ்டத்தைக் கணக்கிடலாம். ஒருமுறை போன பெயரை மீட்பதற்கு எத்தனை வருஷம் செல்லுமென்று கணக்கிட இயலாது.

ஆதலின், தம் ஊர் விளைபொருளுக்குப் பெயர் வேண்டும் நிலச்சொந்தக்காரர், பெயருக்கு மனுச் செய்வதற்கு முன்னரே தரத்திற்கு விதி ஏற்படுத்திக்கொள்ளுதல் தகும். தரம் பிரிக்கவும், மட்டமானதை விலக்கவும் தமக்குள்ளே ஒரு குழுவை அமைத்து, அதன் தீர்ப்புக்கு முதலில் பெருநிலக்காரரே உடன்படல் வேண்டும். கிராம அதிகாரிகள் பாரபட்சமின்றி அதற்குத் துணை நிற்பாராக.