கரையும் தையல் எதிலிருந்து வருகிறது?

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம், "தையல் எப்போது பிரிக்கிறார்கள்?" என்று கேட்பது நம் காலத்து வழக்கம். இப்போது பல சமயம், "பிரிக்க வேண்டாமாம், தானே கரைந்துவிடுமாம்" என்று பதில் வருகிறது. கேட்டவரும் திருப்தியாகப் போய்விடுகிறார். கரைகிற அந்தப் பொருள் எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

கரையும் தையல் புதிதல்ல. 'கேட்கட்' என்று டாக்டர்கள் சொல்லும் நூல் ஆட்டுக் குடலிலிருந்தோ மாட்டுக் குடலிலிருந்தோ செய்யப்பட்டது. பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1970-களில் செயற்கை நூல்கள் வந்தன. அவற்றின் இனத்தைச் சேர்ந்த பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமர், உடம்புக்குள் மெதுவாக உடைந்து லாக்டிக் அமிலமாகிறது. நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான்.

கரைவது இப்படிச் சுலபமாகிவிட்டது. ஒட்டுவதுதான் கஷ்டம். நூல் என்றால் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. புண்ணை மூடவோ, எலும்பில் பள்ளத்தை நிரப்பவோ வைக்கிற பொருளின் மேல் நம் உடம்பின் செல்கள் வந்து உட்கார வேண்டும். செயற்கைப் பாலிமர் தண்ணீரை அவ்வளவாக ஏற்காது. அதன் மேல் செல்கள் தாமரை இலைத் தண்ணீர் போலத்தான். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சுற்றிலும் தழும்புபோல ஓர் உறையைக் கட்டி ஒதுக்கி வைத்துவிடுவதும் உண்டு.

இதற்கு விஞ்ஞானிகள் சில வழிகள் கண்டார்கள். பாலிமரின் மேற்பரப்பைக் காரத்தாலோ பிளாஸ்மாவாலோ பதப்படுத்தி, தண்ணீரை ஏற்க வைப்பது ஒன்று. அதன்மேல் கொலாஜன் அல்லது ஜெலட்டின் பூசுவது இன்னொன்று. கொலாஜன் நம் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம். செல்லுக்கு அது பழகின வீடு, உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் மருத்துவத்துக்கு வேண்டிய கொலாஜன் பெரும்பாலும் மாடு, பன்றி, மீன் இவற்றிடமிருந்துதான் வருகிறது.

கொலாஜனுக்கும் நம் பேட்டைக்கும் நெருங்கிய உறவு உண்டு. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து திரு.வி.க. பாலத்தைத் தாண்டி சர்தார் படேல் சாலையில் போனால் சி.எல்.ஆர்.ஐ. என்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அதை அடுத்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய முப்புரி என்று 1954-இல் உலகுக்குச் சொன்னார்கள். அதன் நினைவாக சி.எல்.ஆர்.ஐ. அரங்கத்துக்கே 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்று பெயர். தோல் பதனிடும் தொழிலுக்காகத் தொடங்கிய அந்த நிலையம், பிறகு கொலாஜனிலிருந்து தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் மேலே போடும் மெல்லிய தாள்களையும் உருவாக்கியது. சாதாரண காஸ் துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதுச் சதையையும் சேர்த்துப் பிய்க்கும். அந்த வலி சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியும். கொலாஜன் தாளைப் பிய்க்க வேண்டியதில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டியில் ஒருவருக்குப் படுக்கைப் புண் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட தாளைப் போட ஏற்பாடு. அவருடைய மனைவி, "இது எதுலேர்ந்து பண்றது, டாக்டர்?" என்று கேட்டார். இளம் டாக்டருக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் சுத்தமானதுதான் மாமி" என்றார். மாமி கேட்டது சுத்தத்தைப் பற்றி இல்லையே!

பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைத் தேடிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். தினமும் விழுங்கும் காப்ஸ்யூலின் ஜெலட்டின் கூடு பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இதய வால்வு மாட்டிடமிருந்தோ பன்றியிடமிருந்தோ வரலாம். சைவம் பார்க்கிறவருக்கு ஒரு சங்கடம், பன்றியை விலக்கும் முஸ்லிம் நண்பருக்கு இன்னொன்று.

"உயிர் போகிற நேரத்தில் இதையா பார்ப்பது?" என்று கேட்பார்கள். உயிர் போகிற நேரம் வேறு. ஆறு வாரமாக ஆறாத காலுக்குக் கட்டுப் போடுமுன் இரண்டு நிமிஷம் பேச நேரம் உண்டு. இது ஆசாரம் மட்டும் சம்பந்தப்பட்டதும் அல்ல. மீன் ஒவ்வாதவருக்கு மீன் கொலாஜனை வைக்கலாமா என்று டாக்டரும் யோசிக்க வேண்டுமே.

என்னைக் கேட்டால், எனக்கு அப்படி ஒரு புண் வந்தால் போட்டுக்கொள்வேன். எப்படியும் உரித்த தோலில் ஒரு பகுதி ஒருவர் காலைக் காப்பாற்றினால் நல்லதுதான். ஆனால் அது என் முடிவு. இன்னொருவருக்காக அதை நானோ டாக்டரோ எடுக்க முடியாது.

விலங்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலங்கள் வரிசையாக நின்றால் செல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று 1984-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அந்தச் சின்னத் துண்டை ஆய்வுக்கூடத்திலேயே செய்து, கரையும் பாலிமரின் மேல் ஒட்டலாம். கொலாஜனைப்போல முழு வேலையும் அது செய்துவிடாது. அதனால் ஆராய்ச்சி தொடர்கிறது. பல மதமும் பல ஆசாரமும் உள்ள நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள்தான் இதில் முன்னால் நிற்க வேண்டும், அரசும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுமுன், உள்ளே வைக்கப்போவது என்ன, அது எதிலிருந்து வந்தது, வேறு வகை உண்டா, விலை எவ்வளவு என்று கேளுங்கள். காது மந்தம் என்றால் பிள்ளையையோ பெண்ணையோ கேட்கச் சொல்லுங்கள். டாக்டருக்குத் தெரியாவிட்டால் பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.