கல்யாண சீடியும் கள்ள சீடியும்

"சீடியெல்லாம் காப்பி பண்ணக்கூடாதுங்க, சட்டப்படி தப்பு. என்னாத்துக்கு காப்பி? அலமாரியிலதான் பத்திரமா இருக்கே. படம் பாக்கணும்னா எல்லாம் யூடியூப்ல இருக்குலா."

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் என்று கெடாவில் எந்த ஊரிலும், வீட்டில் சேர்ந்துகிடக்கும் டிஸ்க் பைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் வருகிறது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட முழுதாக நிற்பதில்லை.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாதி, காசு கொடுத்து வாங்கிய தமிழ்ப் படங்கள். அதிலும் கணிசமானவை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கள்ளச் சரக்கு என்பது ஊரறிந்த விஷயம். மீதி, ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்தவை: கல்யாணம், காதுகுத்து, சடங்கு, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி. கள்ள சீடிக்காகச் சொன்ன எச்சரிக்கையைக் கல்யாண சீடிக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டதுதான் நம் ஆட்கள் செய்த கோளாறு.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, ஒருவரிடம் பணி கொடுத்து ஒரு படைப்பைச் செய்து வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை பணி கொடுத்தவருக்கே சேரும். கேமராவைப் பிடித்தவர் ஸ்டுடியோக்காரர்தான். ஆனால் கல்யாண வீடியோ உங்கள் வீட்டுச் சொத்து. பத்துக் காப்பி எடுத்து அக்கா தங்கைகளுக்கெல்லாம் கொடுக்கலாம். தாலி கட்டும் காட்சிக்குப் பின்னால் எடிட்டர் ஒட்டிவைத்த சினிமாப் பாட்டு மட்டும்தான் வேறொருவருடையது.

கடையில் வாங்கிய படத்தைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பின் பேச்சில் பாதி உண்மை உண்டு. கணினி மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 40-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. சினிமாவுக்கு அப்படி ஒரு வரி இல்லை. 2012 திருத்தம் நியாயமான பயன்பாட்டின் வாசலைச் சற்று அகலமாக்கி, அதை எடைபோட நான்கு அளவுகோல்களைக் கொடுத்தது. வீட்டுக் காப்பி அதற்குள் அடங்கும் என்று வாதாடலாம். அடங்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே திருத்தம் சேர்த்த 36ஏ பிரிவு, படைப்புக்குப் போட்ட மின்னணுப் பூட்டை உடைக்கத் தடை போடுகிறது. பெரிய நிறுவனங்களின் டிவிடிகளில் இருப்பது சிஎஸ்எஸ் என்ற அப்படியொரு பூட்டு. 1999-இல் அதைத் திறக்கும் நிரலை வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வே இளைஞர் யோன் யோஹான்சனை அந்த நாட்டு நீதிமன்றங்கள் 2003-இல் விடுவித்தன. பிரிட்டனில் 2014-இல் வீட்டுக் காப்பிக்கு அனுமதி தந்தார்கள். மறுவருடமே உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உலகத்துக்கே பிடிபடாத விஷயம் இது. ஆகவே பூட்டுப் போட்ட டிவிடியை விட்டுவிடுங்கள். விசிடியில் அப்படிப் பூட்டு எதுவும் கிடையாது. பழைய படங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: மலேசியாவில் திரைப்படத்துக்கு உரிமைக்காலம் வெளியீட்டுக்குப் பின் 50 ஆண்டு. 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்தது 1965-இல். பாட்டுக்கு மட்டும் தனிக்கணக்கு. எழுதியவர் காலமாகி 50 ஆண்டு போக வேண்டும்.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? 2000-ஆம் ஆண்டு ஒளித்தட்டுச் சட்டம், 2003-இல் வந்த ஹோலோகிராம் முத்திரை, கடைகளில் நடந்த அதிரடிச் சோதனைகள். ஒரே படைப்பின் மூன்று கள்ளப் பிரதிகள் கையில் இருந்தால் அது சொந்த உபயோகத்துக்கு அல்ல என்று அனுமானிக்கலாம் என்கிறது 41-ஆவது பிரிவு. வியாபாரிக்கு விரித்த வலை அது. உங்கள் தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் அதில் எப்படி மாட்டும்?

அடுத்தது, அலமாரியில் பத்திரமாக இருக்கும் டிஸ்க் நூறு வருடம் வரும் என்ற நம்பிக்கை. தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க் வேறு, ஸ்டுடியோவில் எரித்த டிஸ்க் வேறு. அச்சடித்ததில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழியாகப் பதிந்திருக்கும். எரித்ததில் இருப்பது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் சூடும் ஈரமும் அதற்குப் பகை. நூறு வருடக் கணக்கெல்லாம் குளிர்ச்சியான, உலர்ந்த அறையை மனதில் வைத்துப் போட்டது. 20 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் வையுங்கள் என்கிறது அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட். பால்மரம் இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது. 2001-இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் சீடியையே தின்னும் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் நம்மைப் போன்ற புழுக்கமான நாடுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு சீடியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே வெள்ளிப்பூச்சு போய்விட்டது. பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழாமல்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சீடியில் வெள்ளிப்பூச்சு இருப்பது மேல்பக்கம், எழுத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை உரித்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

"போன தீபாவளிக்குக்கூட நல்லா ஓடுச்சே" என்பார்கள். ஓடியிருக்கும். பிளேயர் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு முடிந்தவரை சமாளிக்கும். முடியாமல் போகும் அன்றைக்குத்தான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். விசிடி இதில் இன்னும் மோசம். ஒரு தட்டில் 74 நிமிடப் படத்தைத் திணிப்பதற்காகப் பிழைதிருத்தத்தில் ஒரு அடுக்கையே எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் யூடியூபில் இருக்கிறதா? பெரிய படங்கள் இருக்கும், உரிமம் உள்ளவரை. 2000-களின் பின்பாதியில் தமிழ்ப் படங்களை மலிவு விலை டிஸ்க்காகக் கொட்டிய மோசர் பேர் நிறுவனத்தை 2018-இல் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. யாரும் சீந்தாத சின்னப் படங்களை மறுபடி அச்சடித்துத் தர இனி அங்கே ஆளில்லை. கல்யாண வீடியோவை நீங்களே ஏற்றிப் பாருங்கள். எடிட்டர் ஒட்டிய அந்தப் பாட்டை யூடியூப் கண்டுபிடித்து ஒலியை அடக்கிவிடலாம், படத்தையே முடக்கவும் செய்யலாம். நாதஸ்வரமும் அம்மாச்சியின் குரலும் சேர்ந்துதான் போகும்.

இதற்கு நேர் எதிராக, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டாச்சு, வேலை முடிந்தது என்பவர்களும் உண்டு. 2022 ஜூலை 4 அன்று குனோங் இனாஸ் மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் பாலிங் வட்டாரத்தில் குப்பாங்கை அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டார்கள். டிஸ்க் பையும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று வீட்டில், ஒன்று பினாங்கிலோ ஜோகூரிலோ இருக்கும் மகளிடம். ஸ்டுடியோவில் எரிக்கும் ஒற்றை அடுக்கு டிவிடி நூறு சேர்ந்தாலும் 470 ஜிபிக்குள் வரும். ஒரு டெராபைட்டில் பாதிகூட இல்லை. சுருக்குகிறேன் என்று இன்னொரு வடிவத்துக்கு மாற்றாதீர்கள். டிஸ்க்கை முழுசாக ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வையுங்கள். விசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருக்கும் டாட் கோப்புகள் போதும். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படிக்கும் என்பதால் அவசரப்பட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

கடைசியாக மிச்சமிருப்பது, "இதையெல்லாம் யார் உட்காந்து பாக்கப்போறா?" என்ற கேள்வி. கல்யாணத்தைப் பார்க்க வேண்டாம், பின்னால் இருப்பதைப் பாருங்கள். பெண் அழைப்பு வரும் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் லயத்து வீடுகள், ஆயாக் கொட்டகை, பெரட்டு மைதானம், கிராணி வீட்டுப் படிக்கட்டு, கோயில் முகப்பில் தோட்டத்தின் பெயர்ப்பலகை. எந்தத் தோட்ட நிர்வாகம் இதையெல்லாம் படம் பிடித்து வைத்தது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது. 1996-இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறந்த பிறகு அந்தப் பக்கம் பழைய வழியைச் சொல்லி யாரும் வீடு கண்டுபிடிக்க முடியாது. பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்துத் தோட்டத்து 11-ஆம் எண் சண்டி என்ற பழங்கோயிலை 2013-இல் வீடமைப்புக்காக இடித்தது நாடு முழுக்கப் பெரும் சர்ச்சையானது. ஆயிரம் வருடக் கோயிலுக்கே அந்தக் கதி. அதற்காவது ஆய்வாளர்கள் எழுதிவைத்த குறிப்புகள் உண்டு. லயத்துக்கு இருப்பது அநேகமாக இந்த சீடிதான்.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சினிமா டிஸ்க் எல்லாம் கடைசியில். முதலில் தோட்டத்துக் கோயில் திருவிழா, அதற்கடுத்து பள்ளிக்கூட விழா, பிறகு கல்யாணங்கள். அதோடு, வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர் இன்னும் கடை வைத்திருந்தால் மினி டிவி (MiniDV) டேப் ஏதும் கிடக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மணி நேர டேப்பில் 13 ஜிபி அளவுக்குப் படம் இருக்கும். உங்களுக்குக் கிடைத்த விசிடி அதிலிருந்து பிழிந்தெடுத்த சக்கை. பல கடைகளில் அந்த டேப்புகள் படிக்கட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன, கடை வாடகை ஒப்பந்தம் முடிகிறவரை.