எடுத்துக் கொடுத்த கை



கைப்பந்து ஆட்டத்தில் பந்தை மறுபுறம் அனுப்புவதற்குள் ஓர் அணியினர் மூன்று முறை அதைத் தொடலாம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எதிரணியிலிருந்து வரும் பந்தை முதலாமவர் தாங்குகிறார். இரண்டாமவர் அதை வலையருகே உயர எடுத்துக் கொடுக்கிறார். மூன்றாமவர் எழும்பி அடிக்கிறார். காண்போர் கைதட்டுவது மூன்றாமவருக்கே. ஆட்டக்காரர்கள் ‘செட்டர்’ என்றழைக்கும் இரண்டாமவரோ ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் பந்தைத் தொடுகிறார். யாருக்கு அதைக் கொடுப்பது என நொடிப்பொழுதில் தீர்மானிக்கிறார். அத்தீர்மானத்தைத் தடுக்க நிற்பவர் தம் முகத்தில் படித்துவிடாதபடி மறைத்தும் கொள்கிறார். புள்ளி எடுத்தோர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் கடைசியில்தான் கிடக்கும்.

இப்பணியிலேயே தம் ஆட்ட வாழ்வு முழுவதையும் கழித்தவர் செர்பியாவின் நிக்கோலா கிர்பிச். 1973-ஆம் ஆண்டு பிறந்த இவர், ஸ்ரெஞானின் நகரை அடுத்த கிளெக் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தை மிலோஷ், 1975-இல் ஐரோப்பியப் பந்தயத்தில் வெண்கலம் வென்ற யூகோஸ்லாவிய அணியில் ஆடியவர். அண்ணன் விளாடிமிர் 1970-இல் பிறந்தவர், அடிப்பதில் வல்லவர். இவ்வாறு ஒரே வீட்டில் அடிப்பவர் ஒருவரும் எடுத்துக் கொடுப்பவர் ஒருவரும் வாய்த்தனர்.

ஆனால் இருவரும் ஆளாகி நின்ற வேளையில் நாடு சிதறிக்கொண்டிருந்தது. 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை யூகோஸ்லாவியாமீது விதித்த தடைகளில் விளையாட்டும் அடங்கும். அந்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தனி வீரர்கள் சிலர் நாட்டின் பெயரின்றிக் கலந்துகொண்டனர். குழு ஆட்டங்களுக்கோ கதவு முற்றாக அடைபட்டது. அப்போது தம்பிக்கு வயது 18, அண்ணனுக்கு 21. கால்கள் வில்லைப் போல் விசைகொண்டிருக்கும் பருவத்தில், உலக அரங்கில் ஆட வழியின்றிக் காத்திருந்தனர். குற்றம் ஆள்வோருடையது, தண்டனை இளைஞருக்கா எனக் கேட்கத் தோன்றுகிறது. எனினும் அதே நாள்களில் போஸ்னியாவில் மடிந்துகொண்டிருந்த மக்களை நினைக்கும்போது, அத்தடையைப் பழிக்கவும் எனக்கு நா எழவில்லை.

தடை தளர்ந்ததும் அவ்வணி தேக்கிவைத்த வெள்ளம்போல் பாய்ந்தது. 1995-இல் ஐரோப்பியப் பந்தயத்தில் வெண்கலம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம், 1997-இல் ஐரோப்பிய வெள்ளி, 1998-இல் உலகப் பந்தயத்தில் வெள்ளி. தங்கம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1999-இல் நேட்டோ விமானங்கள் 78 நாள்கள் குண்டு பொழிந்தன. நிக்கோலா முன்பு வொய்வோதினா கழகத்துக்காக ஆடிய நோவி சாத் நகரில், தானூப் ஆற்றின் மேலிருந்த பாலங்கள் ஆற்றிலேயே வீழ்ந்தன.

அடுத்த ஆண்டு சிட்னி. ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கையிலேயே, செப்டம்பர் 24 அன்று அங்கே தாயகத்தில் தேர்தல் நடந்து, அதன் முடிவைக் குறித்துப் பெருங் கொந்தளிப்பு எழுந்தது. அத்தகைய செய்திகள் காதில் விழ, அவ்வணி கால் இறுதியில் நெதர்லாந்தையும் அரை இறுதியில் இத்தாலியையும் வென்று, அக்டோபர் 1 அன்று இரஷ்யாவை எதிர்த்து நின்றது. அவ்விறுதியாட்டத்தின் மூன்று செட்டுகளையும் நேராக வென்றது. எல்லை கடந்து ஓடிய பந்தைத் துரத்தி விளாடிமிர் விளம்பரப் பலகையைத் தாண்டிப் பாய்ந்ததை அந்நாட்டினர் இன்றும் நினைவுகூர்கின்றனர். தம்பி அன்று எடுத்துக் கொடுத்த பந்துகளை எவர் தனித்தனியே நினைவில் வைத்திருப்பர்? நான்கே நாள்களில், அக்டோபர் 5 அன்று, மக்கள் எழுச்சியில் மிலோஷெவிச் ஆட்சி கவிழ்ந்தது.

ஒரு விந்தை. நிக்கோலா நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார். முதல் இரண்டில் அவர் நாட்டின் பெயர் யூகோஸ்லாவியா, 2004-இல் செர்பியா-மாண்டினீக்ரோ, 2008-இல் செர்பியா. அவர் வீடு மாறவில்லை, நாடுதான் பெயர் மாறிக்கொண்டே போயிற்று. 2010-இல் உலகப் பந்தயத்தில் செர்பியா வெண்கலம் வென்றபோது, 37 வயதில், சிறந்த செட்டராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிப்பவருக்கு முழங்கால் தளர்ந்தால் ஆட்டம் முடிந்தது. செட்டருக்கோ கண்ணும் மதியும் உள்ளளவும் சோறு உண்டு.

பிழைப்பு பெரும்பாலும் இத்தாலியில்தான். திரெவிசோ, பியாச்சென்சா, திரென்தோ, கூனியோ எனக் கழகம் கழகமாக ஆடினார். 2009-இல் திரென்தோ அணியினருடன் ஐரோப்பியக் கழகங்களின் தலையாய கோப்பையை வென்றார். 2014-இல் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளரானார். 2021-இல் போலந்துக் கழகம் ஒன்றைப் பயிற்றுவித்து அதே கோப்பைக்கான இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றார். எதிரே நின்றது திரென்தோ! தம் பழைய கழகத்தைத் தோற்கடித்தே அக்கோப்பையை மீண்டும் பெற்றார்.

இடையில் 2015 முதல் 2019 வரை செர்பிய நாட்டு அணிக்கும் அவரே பயிற்சியாளர். 2016-இல் அவ்வணி உலக லீக் கோப்பையை வென்றது. பின்னர் 2022-இல் போலந்து தன் நாட்டு அணியையே அவரிடம் ஒப்படைத்தது. அந்நாட்டு ஆடவர் அணி தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்குகளில் கால் இறுதியிலேயே தோற்று வெளியேறிய அணி. 2024-இல் பாரிஸில் அத்தடையைக் கடந்து இறுதிவரை சென்று, பிரான்சிடம் தோற்று வெள்ளி பெற்றது. 1976-க்குப் பின் அவர்களுக்குக் கிட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

அதற்கு முந்திய ஆண்டு, 2023-இல், அவர்கள் ஐரோப்பிய வாகையும் சூடியிருந்தனர். அப்பந்தயத்தின் கால் இறுதி இத்தாலியின் பாரி நகரில் நடைபெற்றது. போலந்துக்கு எதிராக வந்த நாடு செர்பியா. ஆட்டத்துக்குமுன் செர்பிய நாட்டுப்பண் ஒலித்தபோது, நிக்கோலா கிர்பிச் எதிரணியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று வென்றது போலந்து.