வீடியோ கேம் ஹீரோவின் பையில் கன்னக்கோல்

வீடியோ கேம் ஹீரோக்கள் சுமந்துகொண்டு திரியும் பையை யாராவது அவிழ்த்துப் பார்த்ததுண்டா? பொட்டி தட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் ஜூனியருக்குத் துணையாக உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். உள்ளே இருப்பது அத்தனையும் திருட்டுச் சாமான்!

1991-ல் வந்த ஒரு ஜெல்டா கேமையே எடுத்துக்கொள்வோம். பாய்ந்து போய் மாட்டிக்கொள்ளும் கொக்கி, விரிசல் விட்ட சுவரைத் தகர்க்கக் குண்டு, இருட்டுக்கு லாந்தர், ஆளையே மறைக்கும் மாயப் போர்வை. ஹீரோ கேட்காமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைகிறான், பானையை உடைக்கிறான், சில்லறையை அள்ளிக்கொள்கிறான். வீட்டுக்காரன் கதை பேசிக்கொண்டு நிற்கிறான். நம்மூரில் இதற்குப் பெயர் வேறு :-)

"இந்தப் பையை ஒரு திருடன்கிட்ட கொடுத்தா என்னப்பா ஆகும்?" என்றான் ஜூனியர். நல்ல கேள்வி. ஆனால் நம் ஆட்கள் இதற்கு எப்போதோ பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் திருடர்கள் வருகிறார்கள். உடம்பில் இருட்டு நிற உடை, கல்லையும் மரத்தையும் அறுக்கும் வாள், நிலத்தைத் தோண்டும் உளி, இடுப்பைச் சுற்றி மெல்லிய நூலேணி. நம் தாத்தா காலத்துக் கன்னக்கோலுக்கு அந்த உளிதான் மூத்த அண்ணன். பிறகு தண்டி. காஞ்சிப் பல்லவர் அரசவையோடு சேர்த்துச் சொல்லப்படும் இவர் தசகுமார சரிதத்தில் அபகாரவர்மன் என்பவன் திருடக் கிளம்பும் இடத்தில் ஒரு பட்டியலே போடுகிறார். பாம்புப் படம் மாதிரி வாயுள்ள தோண்டுகருவி, இடுக்கி, அளவு நூல், கயிறு, மாயப்பொடி, ஒரு பொம்மைத் தலை. சுவரில் போட்ட ஓட்டை வழியாக முதலில் பொம்மைத் தலையை உள்ளே விடுவார்களாம். யாராவது காத்திருந்து அடித்தால் அடி பொம்மைக்கு! கடைசியாக ஒரு டப்பா நிறைய வண்டுகள். திறந்து விட்டால் பறந்து போய் விளக்கை அணைத்துவிடும்.

அந்த வண்டு டப்பாவைப் படித்ததும் எனக்கு 1998-ல் வந்த 'தீஃப்' கேம்தான் ஞாபகம் வந்தது. அதில் ஹீரோவே திருடன். தூரத்துத் தீவட்டியை அணைக்க நீர் அம்பு, காலடிச் சத்தம் கேட்காமல் இருக்கத் தரையில் பாசி படர வைக்கும் அம்பு, மேலே ஏறக் கயிறு தொங்கவிடும் அம்பு. அதை எழுதியவர்கள் தண்டியைப் படித்திருக்க மாட்டார்கள். இருட்டு, சத்தம், உயரம் என்று திருடனின் கஷ்டம் எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இதெல்லாம் கதை என்பவர்களுக்கு எங்கள் ஹைதராபாத் கதை ஒன்று. பழைய ஊரில் புரானி ஹவேலியில் நிஜாம் மியூசியம் இருக்கிறது. (பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். ஆறாம் நிஜாமின் துணி அலமாரி மட்டுமே ஒரு தெரு நீளம். தங்கமணி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை... அவ்வ்வ்.) 2018 செப்டம்பரில் ஒரு ராத்திரி, வென்டிலேட்டர் கம்பியை அறுத்து, கயிற்றில் இறங்கி, கல் பதித்த தங்க டிபன் பாக்ஸையும் கப் அண்ட் சாசரையும் இருவர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் பத்து நாளில் பிடிபட்டார்கள். அதில் ஒருவர் அந்த டிபன் பாக்ஸிலேயே சாப்பிட்டாராம், போலீஸ் சொன்னது. தங்க அட்டை போட்ட குர்ஆனையும் எடுக்கப் போனபோது பாங்கு சத்தம் கேட்டுப் பயந்து விட்டுவிட்டார்களாம். அதுவும் போலீஸ் சொன்னதுதான்.

சிலப்பதிகாரம் படித்தவர்கள் இங்கே 'அட' என்பார்கள். திருடர்கள் நம்பியிருப்பவை எட்டு என்று கொலைக்களக் காதையில் ஒரு பட்டியல் உண்டு. மந்திரம், தெய்வத்தின் துணை, மருந்து, சகுனம், தந்திரம், இடம், காலம், கடைசியில்தான் கருவி. சகுனம் சரியில்லை என்றால் கைக்கு எட்டிய புதையலையும் தொட மாட்டார்கள் என்று அதிலேயே விளக்கமும் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலைச் சொல்வது யார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ராணியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். சொல்லும் நேரம், கோவலனைக் கொல்ல ஆட்களைக் கூட்டி வந்து நிற்கும் நேரம். வந்த காவலர்கள் 'இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே' என்று தயங்குகிறார்கள். அதற்குப் பதில்தான் இந்த எட்டு.

கோவலனிடம் உளி இல்லை, நூலேணி இல்லை, விற்கக் கொண்டுவந்த ஒற்றைச் சிலம்புதான். அதனால் என்ன, மந்திரமும் மருந்தும் கண்ணுக்குத் தெரியாதே! 'என்னிடம் மந்திரம் இல்லை' என்று ஒருவன் எப்படி நிரூபிப்பான்? கூட இருந்த இளங்காவலன் ஒருவன், மழை ராத்திரியில் உளியோடு வந்த வேறொரு திருடன் தன் வாளைப் பிடுங்கிக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். அதற்கும் கோவலனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அடுத்து குடிபோதையில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஜெல்டா வரிசையில் 1993-ல் வந்த ஒன்றில், கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடினால் அதன் பிறகு உங்கள் பெயரே 'திருடன்'. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கேயாவது திருடினால்தான் அந்தப் பெயர். 1871-ல் வடக்கே வெள்ளைக்காரன் கொண்டுவந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறந்தாலே போதும். நம் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது இதை எதிர்த்துத்தான். ஆந்திராவில் பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரம் என்று வெள்ளைக்கார அதிகாரி பெயரில் எருகல மக்களுக்குக் குடியிருப்பு போட்டுக் கண்காணித்தார்கள். எருகலர் பேச்சு தமிழுக்கு நெருங்கிய சொந்தம், நம் குறவர்களுக்கு உறவு. 1952 ஆகஸ்ட் 31-ல்தான் அந்த முத்திரை சட்டப்படி நீங்கியது. 2023-ல் ரவி தேஜா படம் வந்தபோதும் அந்த ஊர் என்றால் திருடன் கதைதான். 1993-ல் திருட்டு விசாரணை என்று கொண்டுபோய்க் காவலில் செத்துப்போன ராஜாக்கண்ணுவும் குறவர்தான். அந்த வழக்குதான் 'ஜெய் பீம்'.

பிள்ளைகள் திருடன் கேம் விளையாடுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தீவட்டியை அணைத்துப் பதுங்குகிறவன் பெரியவனானதும் கன்னம் வைக்கப் போகிறான் என்பதெல்லாம் பேத்தல். என் கவலை எங்கள் அபார்ட்மென்ட் கேட்.

அங்கே தினமும் மதியம், வீட்டு வேலை முடித்துப் போகும் பெண்களின் பையை செக்யூரிட்டி திறந்து பார்க்கிறார். எங்கள் வீட்டுக்கு வரும் லட்சுமம்மா பாலமூரிலிருந்து பிழைக்க வந்தவர், நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த மாதிரியே. தங்கமணி கொடுத்த நாலு இட்லியை வெளியே கொண்டுபோக அவருக்கு என் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். நானோ மாதம் ஒரு ஞாயிறு புவனகிரிக் கோட்டைப் பாறையில் ஏறப் போகிறவன். விடியற்காலை நாலு மணி, கறுப்பு டிராக் சூட், முதுகுப் பையில் நீளக் கயிறு, இரும்புக் கொக்கிகள், கையுறை, தலையில் மாட்டும் டார்ச். மதுரைக்காஞ்சித் திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? செக்யூரிட்டி எழுந்து சல்யூட் அடித்து "குட்மார்னிங் சார்" என்கிறார். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பையை யாரும் தொட்டதில்லை.

போன அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, திறந்தால் எல்லார் பையையும் திறங்கள், என் பையிலிருந்து ஆரம்பியுங்கள், இல்லையென்றால் யார் பையையும் திறக்காதீர்கள் என்றேன். பக்கத்து டவரில் நகை போன கதையை ஒருவர் ஆரம்பித்தார், எடுத்தது யாரென்று இதுவரை தெரியாதாம். செயலாளர் மட்டும் மெதுவாக, "உங்க பையைத் திறந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்காதா சார்?" என்று கேட்டார். இருக்கும் சார், அதை மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டம் வருகிற முதல் ஞாயிறு. அந்த வாரம் பாறை ஏறப் போகவில்லை.