பதினெட்டரை வயதில் ஒரு பாஸ்போர்ட் கேள்வி

வேலப்பன்சாவடி, திருவேற்காடு, ஐயப்பன்தாங்கல் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ‘யு.எஸ்.ல பொறந்த பிள்ளை’ என்று அறிமுகமாகும் குழந்தைகள் இன்று சகஜம். அப்பா, அம்மா ஐ.டி. வேலைக்காகப் போனார்கள். அங்கே பிள்ளை பிறந்தது. தாத்தா, பாட்டிக்கு வயதாகிறதே என்று சில வருடங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை மாலை ஆனால் டர்ஃபில் கால்பந்து ஆடுகிறது. ‘நல்லா வருவான்’ என்று கோச் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வீட்டில் பேச்சு சூடு பிடிக்கும்.

“அவன்கிட்ட ஃபாரின் பாஸ்போர்ட் இருக்கே, வெளிநாட்டு கிளப்புக்கு அனுப்பிடலாமே!” என்பார் மாமா. “இந்தியா டீமுக்கு ஆட வேண்டாமா?” என்பார் தாத்தா. இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால், இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே சமயத்தில் நடப்பது நம் சட்டப்படி சாத்தியமில்லை.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் வாங்கி வைத்திருக்கும் ஓ.சி.ஐ. அட்டை, பெயரில் ‘சிட்டிசன்’ என்று இருந்தாலும், குடியுரிமை அல்ல. ஆயுள் முழுக்கச் செல்லும் விசா என்று அதைச் சொல்லலாம். அதை வைத்து இங்கே வாழலாம், படிக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டுமே இந்தியாவுக்காக ஆடலாம் என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2008-ல் முடிவெடுத்த பிறகு, ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு இந்திய அணியின் கதவும் மூடிவிட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை, ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியக் குடிமகனாக்கிய பெற்றோரும் இருக்கிறார்கள். பிறந்த நாட்டின் சட்டப்படி அந்தக் குழந்தை அந்த நாட்டுக்கும் சொந்தமாக இருக்கலாம். மைனராக இருக்கும்வரை இது ஓடும். 18 வயது முடிந்து ஆறு மாதங்களுக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்வது இது. அதாவது, பதினெட்டரை வயதில் ‘இதுவா, அதுவா?’ என்ற கேள்வி வந்து நிற்கும்.

கால்பந்திலும் 18 ஒரு முக்கியமான வயது. ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு ஒரு வீரர் மாற, பொதுவாக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கதவு திறக்கும் அதே வயதில்தான், கையில் இருக்கும் இரண்டு சாவிகளில் ஒன்றைக் கீழே போடச் சொல்கிறது நம் சட்டம்.

பாஸ்போர்ட் அவ்வளவு முக்கியமா, திறமை இருந்தால் போதாதா? 2009-ல் சுனில் சேத்ரிக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும். லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. பிரிட்டன் அவருக்கு வேலை அனுமதி தரவில்லை. காரணம், அவருடைய ஆட்டம் அல்ல. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இந்தியா இல்லை. தேசத்தின் தரவரிசை, தனி மனிதரின் வாய்ப்பைத் தடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம், விமல் யோகநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006-ல் வேல்ஸில் பிறந்தவர். சிறுவனாக லிவர்பூல் அகாடமியில் பழகி, பிறகு பார்ன்ஸ்லி கிளப்புக்கு வந்து, 2024-ல் அதன் சீனியர் அணிக்காகக் களமிறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று உலகத் தமிழர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்பதால் வேலை அனுமதிக்காக அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. தேசிய அணி என்று வரும்போது, பிறந்த மண்ணான வேல்ஸ் ஒரு வழி; பெற்றோரின் மண்ணான இலங்கை இன்னொரு வழி. இலங்கை, நிபந்தனைகளோடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கும் நாடு. ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றை இழக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

இதே பிள்ளையின் அப்பா, அம்மா தஞ்சாவூரிலிருந்து போனவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டால் பிரிட்டன் பாஸ்போர்ட்டை விட வேண்டும். விட்டால், இங்கிலாந்து கிளப்பில் ஆட அவரும் வேலை அனுமதிக்காக வரிசையில் நிற்க வேண்டும். நாட்டுக்காக ஆடப் போய், பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். நியூகாசில் அணியில் ஆடிய மைக்கேல் சோப்ரா, இந்தியாவுக்கு ஆட விரும்பியும் நடக்காமல் போனதற்கு இந்தச் சிக்கல்தான் காரணம்.

பக்கத்து வீட்டில் கதை வேறு. இங்கிலாந்தில் பிறந்து, பிரிமியர் லீகில் ஆடிய ஹம்சா சௌத்ரி, தன் அம்மாவின் நாடான வங்கதேசத்துக்காக 2025 மார்ச் 25 அன்று முதல் ஆட்டம் ஆடினார். ஆடிய இடம் ஷில்லாங், எதிரணி இந்தியா. ஆட்டம் கோல் இல்லாமல் டிராவில் முடிந்தது. அதே வருடம் நவம்பரில் டாக்காவில் நடந்த மறு ஆட்டத்தில் இந்தியா 0-1 எனத் தோற்றது. வங்கதேசத்துக்காக ஆட ஹம்சா பிரிட்டன் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஜப்பானில் பிறந்த அராட்டா இஸுமி, குஜராத்தி அப்பாவின் நாட்டுக்காக ஜப்பான் குடியுரிமையை விட்டு, 2013-ல் இந்திய அணியில் ஆடினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்து, அந்த நாட்டுக்காக ஒரு நட்பு ஆட்டமும் ஆடிய ரயான் வில்லியம்ஸ், 2025-ல் இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். இருவரையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லியம்ஸ் இந்த முடிவை எடுத்தபோது அவருக்கு 32 வயது. இங்கிலாந்து கிளப்களில் பல வருடங்கள் ஆடி, சம்பாதித்து, பெங்களூரு அணிக்கும் வந்து சேர்ந்த பிறகு எடுத்த முடிவு அது. 32 வயதில் நிதானமாக யோசித்துச் சொன்ன பதிலை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு பிள்ளை சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

அதனால் பெற்றோர் சில விஷயங்களைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், பிள்ளையின் குடியுரிமை சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறது என்று இப்போதே ஆவணங்களைப் பாருங்கள். ஓ.சி.ஐ.யா, தூதரகத்தில் பதிவான இந்தியக் குடிமகனா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். ஓ.சி.ஐ. என்றால் இந்தியாவின் கதவு என்றென்றைக்கும் மூடிவிடவில்லை. ஓ.சி.ஐ.யாக ஐந்து வருடங்கள் இருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் இங்கே வசித்தவர், பின்னாளில் இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அடுத்து, அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் உலகம் முழுக்க ஆடலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி, அமெரிக்க லீக் இரண்டிலும் அது பெரிய பலம். இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் அந்தப் பிள்ளையும் வெளிநாட்டு வீரர்தான்.

‘15 வயசுலயே ஐரோப்பிய கிளப்ல சேர்த்துவிடறேன்’ என்று லட்சங்களில் பேசும் ஏஜென்ட்டிடம் கூடுதல் ஜாக்கிரதை தேவை. பணம் கட்டிப் படிக்கும் பயிற்சி அகாடமி வேறு, கிளப்பில் வீரராகப் பதிவாவது வேறு. அந்த ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதை ஃபிஃபா இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக, தாத்தாவிடமும் மாமாவிடமும் ஒரு வேண்டுகோள். ‘உனக்கு எந்த நாட்டு மேல பாசம்?’ என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை எங்கே பிறக்க வேண்டும் என்பதையும், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். அதன் விளைவைச் சுமப்பதற்கு ஒரு பாசப் பரீட்சை வேறு எதற்கு? ‘எங்கே போனால் வாரா வாரம் உனக்கு மேட்ச் கிடைக்கும்?’ என்று கேளுங்கள். 18 வயதில் ஒரு கால்பந்து வீரருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி அதுதான்.